ஏழரைச் சுற்று

கூட யார் வந்திருக்கிறார்கள் என்று தொப்பி போட்ட மேடம் கேட்டபோது, செண்பகாவின் வாய் அவளைக் கேட்காமலே "அக்கா" என்று சொல்லிவிட்டது. எங்கே என்று மேடம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எண் எழுதிய துணியையும் நான்கு ஊக்குகளையும் நீட்டிவிட்டு அடுத்த பெண்ணைக் கூப்பிட்டாள். அவ்வளவுதான். ஆனால் அந்தச் சொல் மைதானத்துக்குள் வந்துவிட்டது. வேப்பமரத்து நிழலிலோ, கம்பி வேலிக்கு அப்பாலோ, சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுக்கொண்டு எங்கேயோ ஓரிடத்தில் நின்றுகொண்டிருந்தது. செண்பகா அந்தப் பக்கம் பார்க்காமல் ஊக்குகளைக் குத்தினாள். கோவில்பட்டியிலிருந்து மதுரைக்குத் தனியாக பஸ் ஏறி வந்தது இதுதான் முதல் தடவை. பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்டக்டர் ஒவ்வொரு முறை கடக்கும்போதும் டிக்கெட்டை எடுத்துக் காட்டி, அவர் கடைசியில், "ஒரு தடவ பாத்தாச்சு தாயி, உள்ள வையி" என்று சிரிக்கும்படி ஆகிவிட்டது. இங்கே எல்லாப் பெண்களுக்கும் யாரோ இருந்தார்கள். ஒருத்தியின் கெண்டைக்காலை அவள் அப்பா குத்தவைத்து உட்கார்ந்து நீவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் குட்டையாக, மஞ்சள் ரிப்பன் கட்டிய ஒருத்தி நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தாள். "உன் பேரென்ன?" "செண்பகவல்லி." "எம் பேரு ராக்கம்மா. சிரிச்சுக்க, பரவாயில்ல. எங்க ஸ்கூல்ல எல்லாரும் சிரிச்சு முடிச்சாச்சு." "நான் சிரிக்கலையே." "அந்தா வேன் நிக்குதுல்ல, அது எங்க வேனு. ரெண்டு மாமா, சித்தப்பா, பெரியம்மா, எல்லாரும் கெடாவெட்டுக்கு வந்த மாதிரி வந்திருக்காக. நான் தோத்தாலும் அழகர்கோயிலப் பாத்துட்டுத்தான் ஊருக்குப் போவாக. உங்கூட யாரு?" "அக்கா." இரண்டாவது தடவை சொல்ல அவ்வளவு கஷ்டமாக இல்லை. ராக்கம்மா கோட்டை எட்டிப் பார்த்தாள். மூவாயிரம் மீட்டர். அதனால் எதிர்ப்பக்கத்தில் நின்று தொடங்கி அரைச்சுற்று, பிறகு ஏழு. "எவன்டி இத வச்சான்? எட்டுன்னு வைக்கலாம், ஏழுன்னு வைக்கலாம். ஏழரைன்னு வச்சிருக்கான் பாரு. சனி புடிச்ச ஓட்டம்." சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். செண்பகாவும் பல்லைக் காட்டினாள். ஏழரை. அம்மா இப்போதெல்லாம் சனிக்கிழமைதோறும் எள்விளக்குப் போடுகிறாள். நம்ம வீட்டுக்கு ஏழரை நடக்கு என்று ஜோசியக்காரர் சொன்னாராம். இந்த ஓட்டத்திலிருந்து கல்லூரிக்கு எடுக்கப்போவது இரண்டே பேரை. அந்த இரண்டு பேருக்கும் விடுதி, படிப்பு, சாப்பாடு எல்லாம் இந்தக் கல்லூரியே பார்த்துக்கொள்ளும்.

விசில் ஊதியதும் எல்லோரும் ஒரே மந்தையாகப் போனார்கள். முழங்கை, பின்னல், தேங்காயெண்ணெய், வலித்தைலம், யாரோ ஒருத்தி தன் கழுத்துச் சங்கிலியைப் பல்லில் கடித்துக்கொண்டு ஓடும் சத்தம். முதல் வளைவுக்குள் நுழையும்போது செண்பகாவுக்கு எப்போதும் வரும் அந்தப் பயம் வந்தது. கால் மறந்துவிடுமோ என்கிற பயம். நடக்கிறவளுக்கு இது வருவதில்லை. ஓடுகிறவளுக்கு ஒவ்வொரு தடவையும் முதல் இருநூறு அடிக்குள் வருகிறது. பிறகு கால் தன் வேலையைத் தானே எடுத்துக்கொள்கிறது, மாவு கரைக்கும் கை மாதிரி. அதற்குப் பிறகுதான் தலைக்குள் இடம் கிடைக்கிறது. அந்த இடம்தான் ஆபத்து. இங்கே மண் சிவப்பு. காலைப் பிடித்து வைத்துக்கொள்ளாத மண். அவள் ஊர்க் கரிசல் அப்படியில்லை, ஒரு தூறல் போட்டால் போதும், பாதத்துக்கடியில் இன்னொரு பாதம் வளர்ந்துவிடும். வாயை மூடு. மூக்கால இழு. அது அவளுடைய எண்ணம் இல்லை, ஆவுடை அக்காவின் குரல். பின்னால் சைக்கிளில் வந்துகொண்டே அக்கா ஓயாமல் சொல்லும் ஒன்றே ஒன்று. "வாயை மூடுட்டி. மூக்கால இழு. நாய் மாதிரி இரைக்காத." ஓட்டத்தைப் பற்றி அக்காவுக்கு வேறொன்றும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் ஜெசிந்தா டீச்சர் சொல்லிக்கொடுத்ததும் ஒன்றே ஒன்றுதான். திரும்பிப் பார்க்காதே. திரும்பினால் தோள் திரும்பும், தோள் திரும்பினால் கால் தடுமாறும், அந்தத் தடுமாற்றத்தில் ஒருத்தி உன்னைத் தாண்டிப் போய்விடுவாள். பின்னால் வருகிறவளைக் காதால் பார். செண்பகா நன்றாகப் படித்த பாடம் அது. படிக்காமல் இருந்திருக்கலாம். இப்போது அவள் காது பார்த்தது: பின்னால் இரண்டு பேர், ஒருத்தியின் மூச்சு கிழிந்து வருகிறது, இன்னொருத்தி லேசானவள், அவள் காலடி தரையைக் கேட்டுக் கேட்டு விழுகிறது. வேலியோரத்தில் ராக்கம்மாவின் மாமா. "ஏ ராக்கு! கைய வீசு! கறிக்குழம்பு ஊத்துறவ மாதிரிப் போறாளே!" முன்னால் உயரமான ஒரு சிவப்புச் சட்டைக்காரி. அவள் முதுகு. அந்த முதுகு போதும் இப்போதைக்கு. யோசிக்காதே. முதுகைப் பிடி.

சைக்கிள் அப்பாவுடையது. கடலைமிட்டாய்ப் பட்டறையில் பாகு கிண்டுகிற அப்பா, வெயில் ஏறிய பிறகு போனால் போதும். அதனால் விடிகாலையில் சைக்கிள் சும்மா நிற்கும். பொட்டப்பிள்ளையை இருட்டு பிரியுமுன்னே தனியாக ரோட்டில் விடமுடியுமா, ஆவுடை கூடப் போகட்டும் என்று ஏற்பாடு செய்ததும் அப்பாதான். அதை அவர் இப்போது நினைத்துப் பார்ப்பாரா? நினைக்காமல் இருப்பாரா? காவலுக்கு அவர் அனுப்பியவள். காவலுக்கு வந்தவள் முதல் வாரமெல்லாம் தூங்கி வழிந்தாள், ஒரு நாள் உடைமரத்தில் போய் மோதினாள், "ஒன்னாலட்டி, என் தூக்கமெல்லாம் போச்சு" என்று அடிக்க வந்தாள். பிறகு அக்கா தானாக எழுந்திரிக்க ஆரம்பித்தாள். முகம் கழுவிப் பவுடர் போட்டுக்கொண்டாள். ரோட்டில் இவர்களைத் தவிர ஒரே ஒரு வண்டிதான் அந்நேரத்துக்கு வரும், பால் வண்டி. கேன்கள் ஒன்றோடொன்று இடித்துக் கலகலவென்று வரும். பக்கத்தில் வரும்போது இரண்டு சின்ன ஹாரன். ஒதுங்கச் சொல்கிறான் என்று செண்பகா ஒதுங்குவாள். இத்தனை அகல ரோட்டில் இவன் எதற்குத் தினமும் நம்மை ஒதுக்குகிறான் என்று அவளுக்குக் கோபம்கூட வந்ததுண்டு. அந்த ஹாரன் தனக்கில்லை என்று தெரிந்துகொள்ள எத்தனை காலம் ஆயிற்று. அதற்கு அக்காவும் பதில் சொல்வாள், சைக்கிள் மணியால். மணியில் அவர்களுக்குள் ஒரு கணக்கு இருந்தது. ஒரு தடவை அடித்தால் வண்டி வருகிறது, ஒதுங்கு. விடாமல் அடித்தால் வேகம், இன்னும் வேகம், விடாதே. அன்றைக்கு ஓடைப்பாலத்துக்கு வந்தபோது அக்கா மணி அடிக்கவில்லை. "செம்பா, செயின் கழண்டுருச்சு. நீ போயிட்டு வா. நான் மாட்டிட்டு இங்கனயே நிக்கேன்." "சரிக்கா." "திரும்பிப் பாக்காத. போ." டீச்சர் சொன்னதை அக்கா விளையாட்டாகச் சொல்வது வழக்கம்தான். செண்பகா திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் காது இருந்ததே. கலகலவென்று கேன்கள் வந்தன. வந்து, நின்றன. கதவு ஒன்று சாத்திய சத்தம். மறுபடி கேன்கள். அவள் காற்றாலை வரைக்கும் போய்த் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது சைக்கிள் பாலத்துச் சுவரோரம் ஒழுங்காக ஸ்டாண்டு போட்டு நின்றது. கேரியரில் துண்டும் தண்ணீர் பாட்டிலும். பாட்டில் நிறையத் தண்ணீர் இருந்தது. செயின் கழன்றிருக்கவே இல்லை.

இரண்டாவது வளைவு. இது மூன்றாம் சுற்றா? சிவப்புச் சட்டை கொஞ்சம் விலகியிருந்தது. எட்டிப் பிடிக்கலாம், அவசரமில்லை. செயின் கழன்றிருக்கவில்லை என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. எல்லோரும் கேட்டது வேறு. "நீ கூடத்தான இருந்த? ஒனக்குத் தெரியாமயா போவா?" பெரியப்பா கேட்டார், போலீஸ்காரர் கேட்டார், தீப்பெட்டி ஆபீஸில் அம்மாவோடு வேலை பார்க்கிறவர்கள் கேட்டார்கள். அப்பா ஒரே ஒரு தடவை கேட்டார், அதுவும் அவள் முகத்தைப் பார்க்காமல். சத்தம் கேட்டது என்று சொல்வதா, கேட்கவில்லை என்று சொல்வதா. கேட்டது. ஆனால் கேட்டது என்றால் திரும்பியிருக்க வேண்டும் அல்லவா. திரும்பியிருந்தால் என்ன நடந்திருக்கும்? அக்கா ஒரு காலை வண்டியில் வைத்தபடி இவளைப் பார்த்திருப்பாள். இறங்கியிருப்பாளா? அல்லது கையசைத்திருப்பாளா? கையசைத்திருந்தால் இத்தனை நாளும் அந்தக் கை இருந்திருக்கும் நினைத்துக்கொள்ள. ஒன்றும் இல்லை. ஒரு கதவுச் சத்தம் மட்டும். என் ஓட்டத்தை வைத்து அவள் ஓடினாள். இந்த வாக்கியம் எங்கே தொடங்கினாலும் இங்கே வந்துதான் முட்டும், வண்டிமாடு வீட்டு வாசலுக்கு வருகிற மாதிரி. அக்கா போனாள் என்று ஊர் சொல்லவில்லை. கல்யாணம் செய்துகொண்டாள் என்று சொல்லவில்லை. ஓடிட்டா. அந்தச் சொல் அதுவரை செண்பகா ஒருத்திக்குத்தான் சொந்தமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் கோப்பை வாங்கும்போது, "நல்லா ஓடுத புள்ள" என்று சொன்ன அதே வாய்கள். டீக்கடையைக் கடக்கும்போது ஒருவன் சொன்னான்: "மூத்தவ ஓடிட்டா, இளையவ ஓடிப் பழகுதா." பெஞ்சு முழுக்கச் சிரித்தது. நல்ல வேடிக்கைதான். அவளுக்கே சிரிப்பு வந்திருக்கும், வேறு வீட்டுப் பெண்களாக இருந்தால். ஓடுகாலி என்று பெரியம்மா தெருவில் நின்று மண்ணை வாரிப் போட்டபோது செண்பகா தன் காலைத்தான் குனிந்து பார்த்தாள்.

அதற்குப் பிறகு வீட்டில் அந்தச் சொல்லை யாரும் சொல்வதில்லை. சொல்லக்கூடாது என்று யாரும் சொல்லவும் இல்லை. குழாயில் தண்ணீர் ஓடுது என்று சொல்லிப் பழகிய அம்மா, தண்ணி வருது என்றாள். கடிகாரம் ஓடலை என்பதற்கு, நின்னுருச்சு என்றாள். ஒரு நாள் டி.வி.யில் என்ன ஓடுது என்று கேட்க வாயெடுத்த அப்பா பாதியில் நிறுத்தி, என்ன போடுதான் என்றார். ஒரு சின்னச் சொல், வீடு முழுக்க எத்தனை இடத்தில் இருந்திருக்கிறது என்று அதைப் பிடுங்கின பிறகுதான் தெரிந்தது. பல் விழுந்த இடத்துக்கு நாக்கு போகிற மாதிரி எல்லோரும் அதனிடம் போய்ப் போய்த் திரும்பினார்கள். அப்பா சைக்கிள் பெடலைக் கழற்றிப் பரணில் போட்டார். செண்பகாவின் போனை வாங்கி வைத்துக்கொண்டார். ரோட்டுக்குப் போவது நின்றது. அவள் மொட்டை மாடியில் ஓடினாள். தண்ணீர்த் தொட்டியையும் கொடிக்கம்பியையும் சுற்றிச் சுற்றி, தலை கிறுகிறுக்கும் வரைக்கும், பிறகு எதிர்ப்பக்கமாக. கீழ்வீட்டு ஆச்சி நிமிர்ந்து பார்த்துக் கத்துவாள்: "தலைக்கு மேல எருமையா கட்டிப் போட்டிருக்கிய?" அம்மா பதில் சொல்வாள்: "துணி காயப் போடுதா ஆச்சி." ஈரத்துணி ஒன்றை அம்மாவே மேலே கொண்டுவந்து கொடியில் போட்டுவிட்டு இறங்கிப் போவாள். அது எதற்கு? பொய் பொய்யாகக்கூடாது என்பதற்கா, மகள் இன்னும் மாடியில்தான் இருக்கிறாளா என்று பார்க்கவா? இன்றைக்குக் காலையில் அவள், "டீச்சர் வீட்டுக்குப் போயிட்டு வாரேன்மா, சர்டிபிகேட் வாங்கணும்" என்றபோது அம்மா இட்லித் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இத்தனை காலையிலா என்று கேட்கவில்லை. பையில் எதற்கு மாற்றுத்துணி என்று கேட்கவில்லை. வாசல்வரைக்கும் வந்து, தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு கேட்டது இவ்வளவுதான்: "திரும்பி வந்துருவல்ல?" "வந்துருவேம்மா." திரும்பி. இந்தச் சொல் எலும்புக்குள் மாட்டிய முள் மாதிரி, இடது கால் விழும்போதெல்லாம் குத்தியது. திரும்பி. திரும்பிப் பார்க்காதே. திரும்பி வந்துருவல்ல. ஜெசிந்தா டீச்சர் வருவதாக இருந்தது. அப்பா பள்ளிக்கூடத்துக்கே போய், எம்பொண்ணு விஷயத்துல தலையிடாதீங்க என்று சொல்லிவிட்டு வந்த பிறகு டீச்சரும் வரமுடியாமல் போயிற்று. அப்பா பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளைக்குச் சாத்தூரில் சேவுக்கடை. இவளும் ஏதாவது ஆவதற்குள்ளே என்பதுதான் அப்பாவின் கணக்கு. ஆகவே இன்றைக்கு இந்த மண்ணில் இரண்டு பேரில் ஒருத்தியாக வந்தால் அவள் காலேஜுக்குப் போன பெண். வராவிட்டால், சொல்லாமல் வீட்டை விட்டு மதுரைக்கு வந்தவள். ஜெயித்தால் ஓட்டக்காரி, தோற்றால் ஓடுகாலி. கால் ஒன்றுதான்.

மூச்சு இப்போது நெஞ்சில் இல்லை, அடிவயிற்றில் எங்கோ ஒரு மூலையில் சுருண்டு கொண்டது. விலாவில் ஊசி. வேப்பமரம் வந்தது, போனது. வெயில் ஒரு பக்கக் கன்னத்தில், பிறகு முதுகில், பிறகு மறு கன்னத்தில். யாரோ அவளைச் சட்டியில் வைத்து மெதுவாகத் திருப்பிப் போடுகிற மாதிரி. சுற்றுகளை அவள் எண்ணவில்லை. எண்ணுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். மேடைக்குப் பக்கத்தில் ஒருவர் எண் அட்டையைத் தூக்கிக் காட்டினார், அது மீதியா, முடிந்ததா என்று புரியவில்லை, அதற்குள் கடந்துவிட்டாள். அவள் உதட்டில் ஓடிக்கொண்டிருந்தது வேறு எண்கள். மாடியில் பழகிய பழக்கம். அம்மாவின் போனுக்கு ஒரு அழைப்பு வரும். அம்மா எடுத்து, "யாரு? யாரு?" என்பாள். பிறகு, "ராங் நம்பரு" என்று அப்பாவைப் பார்த்துச் சொல்வாள். ஆனால் உடனே வைக்கமாட்டாள். ராங் நம்பருக்கு யாராவது அத்தனை நேரம் காது கொடுப்பார்களா? ஒரு நாள் அம்மா குளத்துக்குப் போயிருந்தபோது அழைப்பு வந்தது. செண்பகா எடுத்தாள். அந்தப் பக்கம் பேச்சில்லை. தொண்டையைச் செருமும் ஒரு சின்னச் சத்தம். அவ்வளவு போதும், ஒரே பாயில் படுத்தவளுக்கு. கூடத்தில் அப்பா மல்லாந்து படுத்திருந்தார், கண்ணை மூடியிருந்தார், தூங்கவில்லை. "ராங் நம்பரு" என்றாள் செண்பகா. வைத்துவிட்டாள். வைத்தபிறகு திரையில் அந்த எண் கொஞ்ச நேரம் இருந்தது, பிறகு அணைந்தது. அழித்துவிட்டாள். ஆனால் கால் அதை எடுத்துக்கொண்டது. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றும்போது இடது காலுக்கு ஓர் எண், வலது காலுக்கு ஓர் எண். பத்தும் முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. ஒரு நாளும் அழைத்ததில்லை. அழைத்து என்ன சொல்ல? செயின் கழலலையே என்றா? தண்ணி பாட்டில நெறச்சு வச்சிட்டுப் போனியே, அது எதுக்கு என்றா? அவள் எங்கே இருக்கிறாள் என்றுகூடத் தெரியாது. திருமங்கலம் என்றார் ஒருவர், பழனிப்பக்கம் என்றார் ஒருவர். கோபமா என்று கேட்டால் கோபம்தான். காவலுக்கு வந்தவள் போய்விட்டாள், காவல் மட்டும் இவள்மீது மூட்டையாக இறங்கிவிட்டது. ஆனால் கோபத்தை யார்மீது வைத்து ஓடுவது, பின்னால் யாரும் இல்லாதபோது? இவ்வளவு பேர் ஓடுகிற இடத்தில் இவ்வளவு தனியாக இருக்க முடியும் என்று அவளுக்குத் தெரியாது. மொட்டை மாடியில்கூடக் கீழே ஆச்சி இருந்தாள்.

அப்போது பின்னால் மணி அடித்தது. ஒரு தடவை இல்லை. விடாமல். அவளுக்கு அது என்ன மணி என்று நினைக்கத் தோன்றவில்லை. கடைசிச் சுற்றுக்கு மணி அடிப்பார்கள் என்பது எத்தனையோ பந்தயம் ஓடிய அவளுக்குத் தெரியாததல்ல, ஆனால் அந்நேரம் அந்த அறிவு அவளிடம் இல்லை. விடாமல் அடித்தால் வேகம், இன்னும் வேகம், விடாதே. கால் கேட்டது, கால் போயிற்று. தோள் நடுங்கியது, திரும்பு திரும்பு என்று கழுத்து கெஞ்சியது. இதோ பின்னால்தான், சைக்கிள் சக்கரம் மண்ணை நெரிக்கிற சத்தம்கூட, வாயை மூடுட்டி, மூக்கால இழு. திரும்பினால் இருக்கமாட்டாள் என்று தெரியும். திரும்பாதவரைக்கும் இருப்பாள். அதனால்தான் திரும்பவில்லை, டீச்சருக்காக இல்லை. லேசான காலடிக்காரி பக்கத்தில் வந்தாள், தோளோடு தோளாகச் சிறிது தூரம், அவள் உப்பு வாடை, பிறகு அந்த வாடை பின்தங்கிற்று. மஞ்சள் ரிப்பன் ஒன்று மைதானத்தின் எதிர்ப்பக்கத்தில், வேறு யாருடைய சுற்றிலோ தத்தளித்துப் போனது போலிருந்தது. சிவப்புச் சட்டை கை எட்டும் தூரத்தில் வந்து, எட்டாமல், ஒரு கோட்டைத் தாண்டி இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்தது. ஏன் நிற்கிறாள்? செண்பகா அவளைத் தாண்டிப் போனாள். இடது காலுக்கு ஓர் எண், வலது காலுக்கு ஓர் எண். முன்னால் இப்போது முதுகே இல்லை. மண் மட்டும், வெள்ளைக் கோடுகள் மட்டும், எங்கும் ஒருத்தரும் இல்லை. வளைவில் திரும்பி அந்தப் பக்கத்து வேலியோரம் வந்தபோதுதான் ராக்கம்மாவின் மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மைதானத்துக்குள்ளேயே இறங்கி வந்து இரண்டு கையையும் விரித்து மறித்தார், தறிகெட்ட கன்றை மறிப்பது போல. "ஏத்தா! நில்லுத்தா! எங்கிட்டுப் போற? முடிஞ்சு போச்சுத்தா!" நின்றாள். நின்றதும் மைதானம் அவளை விட்டுவிட்டுத் தானாகக் கொஞ்ச தூரம் சுற்றிப் போயிற்று.

"ரெண்டாவது வந்த புள்ள எங்க? செண்பகவல்லி!" தொப்பி போட்ட மேடம் எழுந்து நின்று தேடினாள். "இந்தா இருக்கியா. நல்ல ஆளும்மா நீ, கோட்டத் தாண்டி ஊருக்கே போயிருவ போல." பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. இரண்டாவது. அந்தச் சொல்லை எங்கே வைப்பது என்று செண்பகாவுக்குத் தெரியவில்லை, கையில் கொடுத்த க்ளூகோஸ் தண்ணீரைப் போலப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேன் பக்கத்தில் ராக்கம்மா தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள். பெரியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், சித்தப்பா விசிறினார், ராக்கம்மாவின் அம்மா அவள் தலையை மடியில் இழுத்துக்கொண்டாள். தோற்றவளைச் சுற்றி அத்தனை கைகள். "போகுது விடு கழுத, அழகர்கோயில்ல தோசை வாங்கித் தாரேன்" என்றார் மாமா. அழுகைக்கு நடுவில் ராக்கம்மா, "ரெண்டு" என்றாள். செண்பகாவைச் சுற்றி வெயில் இருந்தது. "சரி, உங்க அக்காவக் கூப்பிடு" என்றாள் மேடம். "எதுக்கு மேடம்?" "கையெழுத்துப் போடத்தான். கூட வந்த பெரியவங்க கையெழுத்துப் போட்டாத்தான் ஹாஸ்டல் இடம் எழுதுவாங்க. ஆபீஸ் மூடுறதுக்குள்ள வரணும். இல்லேன்னா அடுத்த புள்ளையக் கூப்பிட்டுருவோம், பாத்துக்க. எங்க, வெளிய நிக்கிறாங்களா?" செண்பகா தலையை ஆட்டினாள். ஆட்டிய தலை ஆமாம் என்றதா, இல்லை என்றதா என்று அவளுக்கே தெரியவில்லை.

அப்பாவைக் கூப்பிடலாம். பட்டறையில் பாகு பதம் வருகிற நேரம், பக்கத்துக் கடைப் போனுக்கு வருவார். மதுரையிலிருந்து பேசுகிறேன் என்ற முதல் வார்த்தைக்கு மேல் ஒன்றையும் கேட்கமாட்டார். அம்மாவைக் கூப்பிடலாம். அம்மா கேட்பாள், நெடுநேரம் காது கொடுப்பாள், பிறகு ராங் நம்பரு என்பாள். அக்காவைக் கூப்பிட்டு அவள் வந்து கையெழுத்தும் போட்டுவிட்டால், அப்புறம் அந்த வீட்டுத் தாழ்ப்பாள் இவளுக்குத் திறக்காது. திரும்பி வந்துருவல்ல. வந்துருவேம்மா. அவள் வேனுக்குப் போய் நின்றாள். "ஒரு போன் பேசிக்கிடட்டுமா?" ராக்கம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள். "யாருக்கு?" "அக்காவுக்கு." "அக்கா கூட வந்திருக்கான்னுல்ல சொன்ன?" ராக்கம்மா அழுகையை ஒரு கணம் ஒத்திவைத்து அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மாமாவின் சட்டைப் பையிலிருந்து போனை உருவிக் கொடுத்தாள். "வேனுக்கு அந்தப் பக்கம் போய்ப் பேசு. இங்கன இதுக எல்லாம் காதத் தீட்டிக்கிட்டு நிக்கும்." வேனின் மறுபக்கம் சூடான தகரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு அவள் எண்களை அழுத்தினாள். நின்றுகொண்டு அழுத்தும்போது வரிசை வரவில்லை. இடம் தடுமாறியது. இடது காலைத் தூக்கி வைத்தாள், வலது காலைத் தூக்கி வைத்தாள், நின்ற இடத்திலேயே, அப்போது வந்தது.

மணி போயிற்று. எடுத்தார்கள். "யாரு?" அது அக்காவின் குரல்தான், கொஞ்சம் கனத்திருந்தது. செண்பகா பேச வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை, இரைப்புத்தான் வந்தது. இன்னும் அடங்காத ஓட்டத்தின் இரைப்பு, உஸ் உஸ்ஸென்று, சூடாக, அடுத்தவர் போனுக்குள். வைத்துவிடுவாள். ராங் நம்பர் என்று வைத்துவிடுவாள், வைத்தால் நியாயம்தான். அந்தப் பக்கம் எங்கோ பால் கேன் ஒன்றைத் தரையில் இறக்கி வைக்கும் சத்தம். பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு, மெதுவாக:

"வாயை மூடுட்டி. மூக்கால இழு."

செண்பகா வாயை மூடினாள். மூக்கால் இழுத்தாள். தகரம் முதுகைச் சுட்டது. வேனுக்கு அந்தப் பக்கம் ராக்கம்மாவை எல்லோருமாகச் சேர்ந்து சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். மறுபடி இழுத்தாள். வீட்டில் எத்தனையோ நாளாக யாரும் சொல்லாத அந்தச் சொல் நாக்கில் வந்து உட்கார்ந்திருந்தது.

"அக்கா," என்றாள். "நான் ஓடிட்டேன்."

"எங்கட்டி நிக்க?" என்றாள் ஆவுடை.

செண்பகா திரும்பி, இன்னும் யாரும் வந்து நிற்காத மைதானத்து வாசலைப் பார்த்தாள்.